எண்பத்துமூன்று ராத்திரிகள்

காலை ஐந்து பத்துக்குக் காப்பு தானாகத் தளர்ந்தது. மெற்றில்டா அதைக் கழற்றித் தலையணை மேல் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். கஸ்பார் எழுந்ததும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தான். 149க்கு 91.

"நூத்தி நாப்பத்தொம்பது," என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னான்.

"நேத்தைக்கு இது ரெண்டு கொறவு," என்றாள் அவள்.

அது எண்பத்துமூன்றாம் ராத்திரி. தொண்ணூறு முடிய இன்னும் ஏழு இருந்தது.

காப்பு என்பது ஆட்கள் வைத்த பெயர். சாம்பல் நிறத்தில் இரண்டு விரல் அகலப் பட்டை. படுக்கப் போகும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். விடியும்வரை கால் மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தை அளக்கும். பகலில் அளப்பது நம்பத்தக்கதல்ல, தூங்குகிறவனின் அழுத்தம்தான் உண்மையான அழுத்தம் என்று முடிவாகியிருந்தது. அளந்த எண்ணைக் காப்பு விடியற்காலையில் குப்பிக்கு அனுப்பும். குப்பி கஸ்பாரின் இடது மேற்கையில் தோலுக்கு அடியில் பேரீச்சங்கொட்டை அளவில் இருந்தது. அதற்குள் நான்கு மருந்துகள். எண்ணைப் பார்த்து அன்றைக்கு எது எவ்வளவு என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். நடுவில் டாக்டர் கிடையாது.

பிரஷருக்கு மாத்திரை விற்பதை நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. மக்கள் மாத்திரையைப் பாதி நாள் போடுவதில்லை, மீதி நாள் இரண்டாகப் போடுகிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. சர்க்கரை மாத்திரை மட்டும் கடைகளில் கிடைத்தது. பிரஷருக்குக் குப்பிதான். தொண்ணூறு ராத்திரி அளந்த எண்கள் இல்லாமல் யாருக்கும் குப்பி வைக்க மாட்டார்கள்.

கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வயது ஐம்பத்தொன்று. நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட அறை. அதற்குள் உட்கார்ந்து கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக் கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்து லாரிகளில் வைப்பது வேலை. இருபத்துமூன்று வருடமாக மேலே இருந்தான். மேலே இருப்பவனை யாரும் கூப்பிட்டுத் திட்ட முடியாது. ஒலிபெருக்கியில் திட்டலாம், ஆனால் அதற்குள் அவன் அடுத்த பெட்டியைத் தூக்கியிருப்பான். பதினொரு வருடமாக அவனுக்குச் சர்க்கரை. ஏழு வருடமாகப் பிரஷர்.

மார்ச் மாதம் கம்பெனி எல்லாருக்கும் புதுக் காப்பு கொடுத்தது. பழையது எண்ணைக் குப்பிக்கு மட்டும்தான் சொல்லும், அதனால் தன் எண் என்ன என்று அதுவரை யாருக்கும் தெரியாது; புதியது ஆளுக்கும் காட்டியது. கூடவே ஒரு விதியும் வந்தது. தொண்ணூறு ராத்திரி முடிவில் 140க்கு மேல் நிற்பவர்கள் கிரேனிலிருந்து இறங்க வேண்டும். கீழே பெட்டிகளின் மூலையில் கொக்கி மாட்டுகிற வேலை கிடைக்கும். காப்பை வேறு ஆளுக்குக் கட்டியது தெரிந்தால், கட்டியவர்கள் திரும்ப ஏறவே முடியாது.

கேன்டீனில் சுடலைமுத்து விஷயத்தைச் சொன்னான். அவனும் கிரேன்காரன்தான். புதுக் காப்பு நாடியை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் முதல் ராத்திரி எந்தக் கையில் கட்டுகிறோமோ அந்தக் கையைத்தான் அது சொந்தக்காரன் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு வேறு கையில் கட்டினால் சிவப்பு எரியும்.

"மொத ராத்திரிதான்வே எல்லாம்," என்றான்.

சுடலைமுத்து கல்லூரியில் வாலிபால் ஆடும் இளைய மகனுக்குக் கட்டினான். இன்னொருவன் அண்ணன் மகனுக்குக் கட்டினான். வேறொருவனின் மைத்துனன் சாமியார் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான். காப்பை செமினரிக்கே கொடுத்தனுப்பினார்கள். குப்பிக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. அந்த மைத்துனனின் எண் 104. கேன்டீனில் அதை மரியாதையோடு சொன்னார்கள்.

கஸ்பாரின் மகன் மஸ்கட்டில் இருந்தான். மகள் ஓசூரில். வீட்டில் மெற்றில்டா மட்டும்தான். நாற்பத்தெட்டு வயது. காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு சமைப்பாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் கோயில் வளாகத்தில் நடந்த முகாமில் லேசாகச் சர்க்கரை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கு அவள் கஸ்பாரின் டப்பாவிலிருந்து நினைத்த நாளில் ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வாள். பண்டிகை கழிந்தால் இரண்டு.

அவன் காப்பைக் கொடுத்தபோது அவள் ஏன் என்று கேட்டாள். சொன்னான். அவள் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள்.

முதல் காலை 156. பட்டை இறுக்கம் பழகவில்லை என்று நினைத்தான். இரண்டாம் காலை 154. மூன்றாம் காலை 158.

அவன் சுடலைமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒருத்தனுடைய பிரஷர் பெண்டாட்டி கையில் காட்ட வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டான். சுடலைமுத்து டீ டம்ளரை உருட்டிக்கொண்டே யோசித்தான்.

"இருக்கும்வே. காப்பு உம்ம பேருலதான இருக்கு."

கஸ்பாருக்கு அது சரியாகப் பட்டது. எண் காப்பில் இருந்தது. காப்பு கஸ்பார் பேரில் இருந்தது. ஆகவே எண் கஸ்பாருடையது. அதைக் குறைக்க வேண்டியது மெற்றில்டாவின் வேலை.

வீட்டில் முதலில் கருவாடு நின்றது. பிறகு ஊறுகாய், அப்பளம். எட்டு மணி சீரியலில் ஒரு மாமியார் தினமும் அழுதாள், அது நின்றது. மணப்பாட்டிலிருந்து மெற்றில்டாவின் தங்கை போனில் பேசிய ராத்திரிகளில் எண் நான்கு கூடுதலாக இருப்பதை அவன் கண்டுபிடித்தான். தங்கை ஆறு மணிக்கு முன்னால் பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சாயந்தரம் கடற்கரைச் சாலையில் மெற்றில்டா நடந்தாள். வேகம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தான். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னான். படுத்தாள்.

ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, இது எனக்கு இருக்குமோ?"

"ஒனக்கு என்ன? கல்லு மாரி இருக்க."

அவள் தண்ணீரை வடித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் எண் 150க்கு வந்தது. கஸ்பார் கேன்டீனில் இதைச் சொன்னபோது, வாயைக் கட்டினால் எதுவும் முடியும் என்றான். யாருடைய வாய் என்று யாரும் கேட்கவில்லை.

குப்பி தன் வேலையைச் செய்தது. தினமும் விடியற்காலையில் அதற்கு ஒரு எண் வந்தது. கொடுத்த மருந்து போதவில்லை என்று அந்த எண் சொன்னது. குப்பி கூட்டியது. மறுநாளும் போதவில்லை. மறுநாளும் கூட்டியது. அதற்குச் சந்தேகம் வராது.

நாலாவது வாரத்திலிருந்து கஸ்பாருக்கு எழுந்து நின்றால் கண் இருட்டியது. சாப்பிட்டு எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டான். பூசையில் மண்டியிட்ட பிறகு மற்றவர்கள் எழுந்தாலும் அவன் எழவில்லை; பிறகு உட்காரும்போது சேர்ந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்குப் பக்தி கூடிவிட்டதாகக் கோயிலுக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கிரேனில் பிரச்சினை இல்லை. அங்கே உட்கார்ந்துதான் வேலை.

எண்பத்துமூன்றாம் ராத்திரி முடிந்த அன்று காலை பத்தரைக்கு, தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டியின் மூலை சரியாகத் தெரியவில்லை என்று அவன் இருக்கையை விட்டு எழுந்து நின்றான்.

பதினொரு நொடி கைப்பிடியை யாரும் தொடவில்லை என்று கிரேன் பதிவுசெய்திருந்தது. அவன் கண் விழித்தபோது கன்னம் கண்ணாடித் தரையில் ஒட்டியிருந்தது. நேர் கீழே பெட்டி. அதற்குக் கீழே லாரி. லாரி ஓட்டுநர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

கஸ்பார் எழுந்து உட்கார்ந்து பெட்டியைப் பத்திரமாக இறக்கிவைத்தான். பிறகு தன்னால் கீழே வர முடியவில்லை என்று ஒலிவாங்கியில் சொன்னான்; ஆட்கள் ஏறிவந்து அவனை இறக்கினார்கள்.

துறைமுக மருத்துவ அறையில் நர்ஸ் செண்பகவல்லி இருந்தாள். முப்பத்தைந்து வயது. அளக்கும் வேலையைக் காப்பு எடுத்துக்கொண்ட பிறகு அவளுக்குத் திரையைப் பார்ப்பதுதான் வேலை. அலமாரியின் கீழ்த்தட்டில் கையால் அமுக்கிக் காற்றடிக்கும் பழைய பிரஷர் கருவி ஒன்றை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதை எடுத்துத் தூசி தட்டினாள். படுக்கவைத்து அளந்தபோது 108. நிற்கவைத்து அளந்தபோது 82. அவனை மறுபடி படுக்கவைத்தாள். ஒரு காந்தத்தை அவன் மேற்கையில் வைத்து எடுத்தாள், குப்பி நின்றது.

திரையில் அன்று காலை எண் இருந்தது. 149.

அதற்குள் மெற்றில்டா வந்துவிட்டாள். போன் வந்ததும் அவனுடைய மருத்துவக் கோப்பையும் பிளாஸ்கில் காபியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செண்பகவல்லி கஸ்பாரிடம், ராத்திரி காப்பைக் கட்டுவது யார் என்று கேட்டாள். நான்தான் என்றான். அவள் தலையை ஆட்டினாள். இந்தத் துறைமுகத்தில் பதினான்கு காப்புகள் வேறு வீடுகளில் தூங்குகின்றன என்றும், அது தனக்கு மார்ச் மாதமே தெரியும் என்றும் சொன்னாள். ஐம்பத்துநாலு வயது ஆளுக்கு 104 காட்டினால் தெரியாதா. மேலே எழுதிப் போட்டால் பதினான்கு பேர் கீழே வருவார்கள், பதினான்கு வீட்டுக்காரர்களும் தன்னிடம் வந்து நிற்பார்கள், அதனால் எழுதவில்லை.

"அவங்க எல்லாருக்கும் மருந்து கம்மியா போவுது அண்ணாச்சி. ஒங்க ஒருத்தருக்கு மட்டும் ஜாஸ்தியா போயிருக்கு. அது எப்பிடி?"



செண்பகவல்லி திரும்பி மெற்றில்டாவைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். செருப்பு வார் இருந்த இடத்தில் தோல் பள்ளமாகவும் அதைச் சுற்றி உப்பியும் இருந்தது.

"அக்கா, இங்க வந்து உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். அவரப் பாருங்க."

"அவரப் பாத்தாச்சு."

மெற்றில்டா பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். துணிப்பட்டை கையைச் சுற்றி இறுகியபோது அதையே பார்த்தாள். கையில் ஒன்றைக் கட்டி, தனக்காக அளக்கிறார்கள் என்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

176க்கு 102.

செண்பகவல்லி அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். 241. சிறுநீருக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து உள்ளே போய்வரச் சொன்னாள். திரும்பி வந்ததும் அதில் ஒரு காகிதக் கீற்றை நனைத்து எடுத்தாள். மஞ்சளாக இருந்த முனை பச்சையானது. செண்பகவல்லி அதைக் கீற்றுகள் இருந்த டப்பாவின் பக்கத்தில் ஒட்டியிருந்த நிற அட்டையோடு இரண்டு முறை ஒப்பிட்டாள்.

"சர்க்கரை மட்டும் இருந்தா சமாளிச்சிரலாம். பிரஷர் மட்டும் இருந்தாலும் சமாளிச்சிரலாம். ரெண்டும் ஒரே ஒடம்புல இருந்தா மொதல்ல கிட்னிய அரிக்கும். நமக்குத் தெரியாது. வலிக்காது. அதனாலதான் சர்க்கரக்காரங்களுக்கு நூத்தி முப்பதுக்குக் கீழ நிக்கணும்னு சொல்லுறது. அக்காவுக்கு அரிக்க ஆரம்பிச்சிட்டு."

"அப்ப அந்த நம்பர்," என்றான் கஸ்பார்.

"அவங்க நம்பர்."

கஸ்பார் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"என்னுது எவ்வளவு இருந்திருக்கும்?"

செண்பகவல்லி திரையில் மார்ச் மாதத்துக்கு முந்தைய பதிவுகளைத் தேடி எடுத்தாள். பழைய காப்பு அவன் கையிலேயே இருந்த காலம்.

"நூத்தி முப்பத்தாறு. பழைய மருந்துலயே. நீங்களே கட்டியிருந்தா பாஸாயிருப்பீங்க."

மெற்றில்டா சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, சிரித்தால் பிரஷர் ஏறுமா என்று செண்பகவல்லியிடம் கேட்டாள். ஏறாது என்றாள் அவள். ஆனால் மெற்றில்டா மறுபடி சிரிக்கவில்லை.

அவசரத்துக்கு என்று வைத்திருந்த மாத்திரைகளில் மூன்றை செண்பகவல்லி ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். மூன்று நாளைக்கு. அதற்கு மேல் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, யாரிடமும் இந்த மாத்திரை இல்லை என்றாள். பிறகு திரையில் ஒரு படிவத்தைத் திறந்தாள்.

இன்று நடந்ததற்கு இரண்டு மாதிரி எழுத இடம் இருந்தது. முதலாவது, மருந்து மிகை. அதாவது காப்பு தவறாக அளந்தது, குப்பி கூடுதலாகக் கொடுத்தது. ஆள் மேல் குற்றம் இல்லை. பழைய எண்களை அழித்துவிடுவார்கள். கஸ்பாருக்குப் புதுக் காப்பு தருவார்கள், குப்பியில் அளவைச் சரிசெய்வார்கள். நாலாம் நாள் மேலே ஏறலாம். 136 என்றால் தொண்ணூறு ராத்திரிக்குப் பிறகும் ஏறலாம். மெற்றில்டா புது நோயாளியாகப் பதிந்துகொண்டு முதல் ராத்திரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஆள் மாற்றம். இதுவரை அளந்த எண்கள் எல்லாம் உண்மையில் யாருடையவையோ அவர் பேருக்குப் போகும். மெற்றில்டாவுக்கு இன்னும் ஏழு ராத்திரி போதும். எட்டாம் நாள் குப்பி வைப்பார்கள். கஸ்பார் ஏற மாட்டான். இந்தக் காலாண்டுக்கு மட்டுமல்ல.

"மொதல்ல சொன்னதயே எழுதுங்க சிஸ்டர்," என்றாள் மெற்றில்டா. "தொண்ணூறு ராத்திரிதான. தூங்குறதுக்கு என்ன?"

"அக்கா, மருந்து இல்லாம தொண்ணூறு ராத்திரி. அந்தப் பச்ச அப்பிடியே நிக்காது."

"இத்தன வருசம் போகலையா? இவரு கீழ வந்தா வீட்டுல இருக்க முடியாது. ஒங்களுக்குத் தெரியாது."

அவள் எழுந்து பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கஸ்பாரிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

ஜன்னலில் அவனுடைய கிரேன் தெரிந்தது. சுடலைமுத்துவை அனுப்பியிருந்தார்கள். ஏணியில் பாதித் தூரம் ஏறியிருந்தான். மஞ்சள் தொப்பி மட்டும் நகர்ந்தது. கீழே கொக்கி மாட்டுகிறவர்கள் பெட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கிருந்து அவர்களில் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை.

கஸ்பார் அவர்களைப் பார்த்தான். பிறகு மெற்றில்டாவின் மணிக்கட்டைப் பார்த்தான். பட்டை கட்டிய இடத்தில் ஒரு வளையம் வெளுத்திருந்தது. அவன் கையில் அப்படி எதுவும் இல்லை.

"சிரிச்சா ஏறாதுன்னாங்கல்ல," என்று மெற்றில்டா அவனிடம் மெதுவாகச் சொன்னாள். "இனி சீரியல் பாக்கலாம்."

செண்பகவல்லி அவளைப் பார்க்கவில்லை. எந்த மாதிரி எழுதினாலும் காப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருடைய கட்டைவிரல் ரேகை வேண்டும். அவள் திரையைக் கஸ்பார் பக்கம் திருப்பினாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி. இந்த எண்பத்துமூணு ராத்திரியும் யாரு தூங்குனதுன்னு எழுத?"